நீர்கொழும்புக்குப் போன மாடி

என் வீட்டு மாடியை நானே ஆள் வைத்துப் பிரித்தேன். புயல் கொண்டுபோகவில்லை, கடன்காரன் கொண்டுபோகவில்லை. தெருவில் அப்போது பலரும் பலவிதமாகப் பேசினார்கள். இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கை மெதுவாகத்தான் ஓடும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் போதும்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு மூன்றுதான். அதில் ஒன்று எங்கள் அப்பா கட்டியது. சொந்தத் தோணி ஓட்டியவர் அவர். பர்மாத் தேக்கில் உத்திரம் போட்டு, மேலே இரண்டு பத்தியாக மாடி எழுப்பி, ஓடு வேய்ந்தார். கீழே தெருப் பக்கம் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கி. அதை வெங்காய வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மச்சு வீட்டுக்காரி என்றுதான் சொல்லுவார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

எனக்குப் பதினோரு வயதில் அப்பாவின் தோணி கொழும்புக்குப் போனது திரும்பவில்லை. அம்மாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். தம்பிக்கு அப்போது நாலு வயது. அத்தை ஒருத்தி வீட்டோடு வந்து தங்கி எங்களுக்குச் சோறு போட்டாள் என்றாலும், அவனைக் குளிப்பாட்டியதும் அடித்ததும் அணைத்ததும் நான்தான். பதினேழு வயதில் அவன் கொழும்புக் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனான். நீர்கொழும்பில் நம்ம சனத்திலேயே பெண் எடுத்து, அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டான். மாமியார் வீடு கடற்கரையில். அதில் மூன்று அறைகளை ஒதுக்கி, விடுமுறைக்கு வருகிற வெள்ளைக்காரர்களைத் தங்க வைத்துப் பிழைத்தான்.

எழுபத்தொன்றில் அந்த நாட்டில் கலகம் வந்தது. ஊரடங்கு என்றார்கள். வந்திருந்த வெள்ளைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். ஒன்றரை வருஷம் அந்த மூன்று அறைகளும் பூட்டியே கிடந்தன. தம்பி பெண்டாட்டி சோற்றுக்கு வழியில்லாமல் ஈரப்பலாக்காயை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகத் தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். பிறகு ஒரு நாள் அவனிடமிருந்து கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். வெள்ளைக்காரர்கள் மறுபடி வருகிறார்கள், முன்னைவிட அதிகமாக வருகிறார்கள், விமானம் விமானமாக வந்து இறங்குகிறார்கள், அறை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். தென்னந்தோப்பில் இடம் இருக்கிறது. அங்கே மரமும் ஓடும்தான் கிடைக்கவில்லை. அக்கா மரம் கொடுத்தால் இரண்டு அறை கட்டுவேன், அந்த இரண்டின் வரும்படியும் அக்காவுக்கு. அங்கத்துப் பணம் இங்கே வர வழியில்லை என்பதால் அதற்கு ஈடாகக் கிட்டங்கி வாடகையில் தன்னுடைய பாதியையும் நான் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் கடிதம்.

மரம் என்று அவன் எழுதியது எங்கள் தலைக்கு மேலே இருந்தது.

நான் ஏன் சம்மதித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தோணித் தண்டல், தோணியை ஓட்டுகிற தலைவர். அவரையும் சேர்த்து ஒன்பது பேர் உயிர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. வெங்காயமும் வற்றலும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், வருவார். அந்த வருஷங்களில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பகலில் பார்வைக்கு ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்தால்தான் குறை. முற்றத்தில் செம்பு இருக்கிற இடத்தைக் கை துழாவுவதை நான் பார்த்தேன். கேட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு சொன்னார்.

“முயல் தீவு விளக்கு ரெண்டா தெரியுது. சில நாளு தெரியவே இல்ல. பயலுவ பேசிக்கிடுறத வச்சு ஓட்டுதேன்.”

“தோணி முதலாளிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அன்னைக்கே இறக்கிருவாரு. அப்புறம் நீ என்ன திம்பே, நான் என்ன திம்பேன்?”

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வெளியே சொன்னால் சோறு போகும். சொல்லாவிட்டால் ஒன்பது வீட்டு ஆம்பிள்ளைகள் போவார்கள். கிட்டங்கி வாடகை முழுதாகக் கைக்கு வந்தால் இரண்டு பேர் கஞ்சி குடிக்கலாம். அவர் தன் காலால் கரை ஏறலாம், யாரும் இறக்கிவிட வேண்டியதில்லை. அதற்காகத்தான் மாடி.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆசாரியை வரவழைத்தேன். அவர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யம்மா, இது மாதிரி மரம் இனி கிடைக்காது. கழட்டிட்டா திரும்ப மாட்டவும் முடியாது. நல்லா யோசிச்சுக்கிடுங்க.”

“யோசிச்சாச்சு. நீங்க கழட்டுங்க அண்ணாச்சி.”

எட்டு நாள் வேலை. ஓட்டை இறக்கி, சட்டங்களைப் பிரித்து, உத்திரங்களுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். நாலு சன்னல்களையும் நிலையோடு பெயர்த்தார்கள். கீழ்த்தளத்துக்கு மேலே காரை போட்டு மூடினோம். எதிர் வீட்டு மதினி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“ஏளா மதினி, தீவுல வெள்ளைக்காரனுக்குக் கூரை போடுதியாமே. உன் தலையில மழை பெஞ்சா பரவால்லியா?”

“பெஞ்சா நான் நனையுதேன். உன் வீட்டுல வந்து குடை கேக்கப் போறேனா?”

“கேக்க மாட்டே. உனக்குத்தான் மச்சுத் திமிரு இருக்கே. மச்சு போனாலும் அது போகாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்டலுக்கென்று தோணியில் கொஞ்சம் சொந்தச் சாமான் ஏற்றிக்கொள்ள முதலாளி இடம் விடுவது வழக்கம். சுங்கத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று நடையில் மரமும் ஓடும் போயின. சன்னல்களைக் கடைசி நடைக்காகக் கிட்டங்கியில் சாய்த்து வைத்திருந்தோம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“கடலப் பாத்தாப்புல அறைக்கு ஒரு பெரிய சன்னல் வேணும்னு உன் தம்பி சொல்லுதான். வெள்ளைக்காரன் அதுக்குத்தான் வாரானாம்.”

“கடலப் பாக்கணும்னா முற்றத்துல வந்து நின்னு பாக்கட்டும். படுக்குற இடத்துல கடல் எதுக்கு?”

“அவனுக்கு அது இஷ்டம்.”

“நம்ம வீட்டுல யாரும் கடலப் பாத்துப் படுத்ததில்ல. அது எங்க அப்பா மரம். அந்த மரத்துல கட்டுற வீட்டுலயும் அது கூடாது.”

எங்கள் தெருவை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளுக்கு வாசல் ஊரைப் பார்த்திருக்கும், முதுகு கடலைப் பார்த்திருக்கும். பின்சுவர் முழுச் சுவர்; ஒரு சாண் ஓட்டைகூட விடமாட்டோம். உப்புக்காற்று கீலைத் தின்றுவிடும், காரையைப் பொரித்துவிடும் என்று காரணம் சொல்லுவோம். அது உண்மைதான். இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் வாயால் சொல்லுவதில்லை. ஆம்பிள்ளை கடலில் இருக்கும்போது, படுக்கையில் கிடந்தபடி பெண்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் எதற்காகப் பார்க்கிறாள்? எங்கள் அம்மா அப்பாவுக்காகக் கடற்கரையில் போய் நின்றாளே தவிர, வீட்டுக்குள்ளிருந்து பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வீட்டில் இடமும் இல்லை.

என் வீட்டுக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. “கடல்லயே கிடக்கிறவனுக்குக் கடலப் பத்திச் சொல்லுதா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். நான் ஒரு தாள் எடுத்து என் கையால் எழுதினேன். கடல் பக்கம் சன்னல் வேண்டாம். நாலு சன்னலும் தோப்புப் பக்கம். அக்கா சொல். அவ்வளவுதான் எழுதினேன். அது ஒரு பகல் வேலையாக இருந்தது. தம்பி அந்தச் சொல்லை மீறவில்லை.

அறைகள் கட்டி முடிந்து மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிக்கிற நாளுக்கு நான் போனேன். எங்கள் பெண்கள் சரக்குத் தோணியில் ஏறுவதில்லை. இராமேஸ்வரம் போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, ரயில் மாறி மாறிப் போனேன். தோப்புக்குள் என் அப்பாவின் ஓடும் உத்திரமும் நின்ற நிற்பைப் பார்த்ததும் வந்த அலுப்பெல்லாம் போய்விட்டது. ஆசாரி போட்ட சுண்ணாம்பு எண் ஓர் உத்திரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. தீர்த்தம் தெளித்தார்கள். தம்பி பிள்ளைகள் புதுத் துணி உடுத்தியிருந்தார்கள். இனி என் வீட்டுக்காரர் கரை ஏறுவார் என்று நான் அந்தத் திண்மையான சுவர்களைத் தொட்டுத் தொட்டு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முதல் ஆட்கள் வந்தார்கள். நடுத்தர வயதுப் புருஷனும் பெண்டாட்டியும். நல்ல மனுஷர்களாகத்தான் தெரிந்தார்கள். என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள். அறைக்குள் போனவர்கள் உடனே வெளியே வந்தார்கள். அந்த மனுஷன் கடல் பக்கச் சுவரைச் சுற்றி வந்து, உள்ளே போய், அதே சுவரைத் தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி விரலால் தட்டினான். தம்பியிடம் ஏதோ கேட்டான். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“என்னலே கேக்கான்?”

“சன்னல மூடி வச்சிருக்கியா, இனிதான் திறப்பியான்னு கேக்கான் அக்கா.”

சாயந்தரம் நான் தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக் கட்டிலை வாசல் வழியாக வெளியே இழுத்தார்கள். கட்டில் நிலையில் இடித்தது. சாய்த்து எடுத்தார்கள். மணலில் கொண்டுபோய், தலைமாடு தோப்புக்கும் கால்மாடு கடலுக்குமாகப் போட்டு, படுத்துக்கொண்டு அலையைப் பார்த்தார்கள். அவள் கையை அவன் பிடித்திருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு அப்படிப் பயமில்லாமல் படுத்திருந்த மனுஷர்களை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

மறுநாள் அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, சுவத்த உடைச்சிருவோம். ரெண்டு நாள் வேலை.”

“உடைக்காதே.”

“நீ என்ன வளத்தே. உன் சொல்ல நான் மீற மாட்டேன். ஆனா துட்டு குடுத்து வாரவன் கேப்பானா?”

“கேக்கிறவன் வருவான். ஊர்ல எல்லாரும் பைத்தியமா?”

தம்பி பெண்டாட்டி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “அதுவரைக்கும் அந்த ரெண்டுலயும் தேங்கா போட்டு வைக்கலாம் மதினி. நல்ல கெட்டிச் சுவரு. எலி வராது” என்றாள்.

அந்தப் பேச்சுத்தான் என்னை இறுக்கிவிட்டது. உடைக்கச் சொல்லலாம் என்று அரை மனதாக இருந்தவள், அதைக் கேட்ட பிறகு வாயைத் திறக்கவில்லை. அப்படியே ஊர் திரும்பினேன்.

ஒரு வருஷம் போயிற்று. அவள் சொன்னபடியே அறைகளில் தேங்காய் கிடந்தது. தம்பியின் பழைய மூன்று அறைகளிலும் ஆள் நிறைந்து, கேட்டு வந்தவர்களை அவன் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினான். கிட்டங்கி வாடகையில் பாதி அவன் பங்காகவே நின்றது. நான் கேட்கவில்லை, அவன் தரவுமில்லை. அது நியாயம்தான். என் வீட்டுக்காரர் கச்சான் காற்று அடித்துத் தோணி ஓடாத மாதங்களில் வீட்டில் இருந்தார். கடல் தணிந்ததும் புறப்பட்டார். புறப்படுகிற அன்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏளா, அந்தச் சுவரு அப்படியேதான் இருக்கணுமா?”

“இருக்கட்டும்.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். தடுத்திருக்கலாம். ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்தப் பருவத்தின் நாலாவது நடையில் தோணி தரை தட்டியது. கொழும்பிலிருந்து வருகிற வழி. ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். மாலை மங்குகிற நேரம். முயல் தீவைச் சுற்றி வர வேண்டிய இடத்தில் நேரே மணல் திட்டில் ஏற்றிவிட்டார்கள். அடிப்பலகை இரண்டு விட்டுப்போயின, சரக்கு நனைந்தது. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்ததால் ஒன்பது பேரும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்கள். என் வீட்டுக்காரர் நனைந்த வேட்டியோடு வந்து நின்றார். “ஒண்ணும் ஆகல” என்றார். எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து ஆலந்தலையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அடுத்த நிலையில் தோணியில் இருந்தவரின் பெண்டாட்டி அவள். ஓலைக் கொட்டானில் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து வைத்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அக்கா, நான் சண்டைக்கு வரல.”

“சண்டை எதுக்கு? சொல்லு.”

“சுக்கான நான்தான் பிடிச்சிருந்தேன்னு எங்க வீட்டுக்காரரு முதலாளிகிட்ட சொல்லிட்டாரு. முதலாளி அவர நிப்பாட்டிட்டாரு. வேற தோணியிலயும் சேத்துக்கிட மாட்டேங்காவ, தரை தட்டுனவன்னு.”

“ஏன் அப்படிச் சொன்னாரு?”

அவள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார்.

“அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியலைன்னு தோணியில எல்லாத்துக்கும் தெரியும்க்கா. மூணு வருசமாத் தெரியும். அண்ணாச்சிதான் இவருக்குத் தொழில் படிச்சுக் குடுத்தவரு. அதனால காட்டிக் குடுக்க மாட்டாரு. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. எனக்கு மூணும் பொட்டப்பிள்ளைய. அதான் வந்தேன். நீங்க எதும் செய்யணும்னு சொல்லல. உங்களுக்குத் தெரியட்டும்னுதான்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொட்டானைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். நான் கருவாட்டை முறத்தில் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துத்தான் பழக்கம். யார் வீட்டுச் சோற்றையும் நான் பறித்ததில்லை. அப்படி நினைத்துத்தான் அந்த நாள் வரைக்கும் தலை நிமிர்ந்து நடந்திருந்தேன். கடல் பக்கம் ஒரு சுவரை நான் விட்டுக் கொடுக்காததால், முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாத மூன்று பெண்பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்தார். சட்டை போட்டிருந்தார்.

“முதலாளியப் பாக்கப் போறேன். நீயும் வாரியா?”

“வாரேன். கொஞ்சம் இருங்க.”

தாளை எடுத்தேன். சுவரை உடை என்று எழுதினேன். இரண்டே சொல். அதன் கீழே அக்கா என்று எழுதினேன். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன், மறுநாள் புறப்படுகிற தோணியில் கொடுத்துவிட.

முதலாளியின் கடை பெரிய தெருவில். கணக்குப்பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் முதலாளி பேனாவை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் நின்றபடியே சொன்னார்.

“அன்னைக்குச் சுக்கான் என் கையில. அந்தப் பய மேல தப்பு இல்ல. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாது.”

“எத்தன வருசமா?”

“மூணு வருசமா.”

“மூணு வருசமா எட்டுப் பேரைக் கூட வச்சிக்கிட்டு ஓட்டியிருக்கீரு.”

“ஆமா.”

முதலாளி திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரரின் கண்ணையே பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையிடம் திரும்பி, “ஆலந்தலைக்கு ஆளு அனுப்பு. நாளைக்கு அவன வரச் சொல்லு” என்றார். எங்களிடம், “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷத் தொழில் அந்தச் சொல்லோடு முடிந்தது. அவர் கடையை விட்டு இறங்கும்போது கணக்குப்பிள்ளை ஒருவர் எழுந்து நின்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தம்பி சுவரை உடைத்தான். தோப்புப் பக்கச் சன்னல்களில் இரண்டைப் பெயர்த்துக் கடல் பக்கம் வைத்தான். அந்தப் பருவத்திலேயே ஆட்கள் வந்தார்கள்; வந்தவர்கள் வாரக் கணக்கில் தங்கினார்கள். கிட்டங்கி வாடகை முழுதாக என் கைக்கு வந்தது. நாங்கள் கஞ்சி குடித்தோம், சில நாள் மீனும் சோறும் தின்றோம். ஆலந்தலைக்காரர் அந்தத் தோணிக்கே தண்டல் ஆனார். நான் கணக்குப் போட்டது ஒன்றும் பொய்க்கவில்லை. ஒரு வருஷம் பிந்தி நடந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தை நான் யார் கணக்கில் எழுதுவது?

அன்று கடையிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் மணி அடித்தது. பெரிய தெருவில் விளக்கு உண்டு. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் விளக்கு கிடையாது. அங்கே சாக்கடைக்கு மேலே ஒரு கல் போட்டிருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். இத்தனை வருஷமும் அந்தக் கல்லை அவர் காலடி எண்ணிக்கை வைத்துத்தான் தாண்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

வாசல்களில் பெண்கள் இருந்தார்கள். எதிர் வீட்டு மதினியும் இருந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் தொட்டுக்கொண்டு நடக்கிற வழக்கம் இல்லை. அவர் எப்போதும் எனக்கு நாலு எட்டு முன்னால் போகிறவர்.

“தம்பிக்கு எழுதிட்டேன். சுவத்த உடைக்கச் சொல்லி.”

“ம்.”

“முன்னாலயே எழுதியிருக்கணும்.”

“எழுதியிருந்தாலும் நான் இன்னொரு நடை போயிருப்பேன். பேசாம நட.”

அது உண்மையா, என் மனசுக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கையை நீட்டி என் தோளைத் தேடினார். முதலில் காற்றில் துழாவியது. பிறகு தோளில் வந்து அழுந்தியது. நான் கல்லில் காலை வைத்தேன். அவரும் வைத்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் அப்படியே வீடு வரைக்கும் நடந்தோம்.